கப்பலில் ஏறாதவன்

1840 அக்டோபர் 18, ஞாயிறு. சூசான் தீவு

டாக்டர் துரை தினமும் சாயங்காலம் ஒரு நோட்டில் என்னவோ எழுதுகிறார். "நீயும் எழுதேன், சந்தியாகு. புத்தி தெளிவாக இருக்கும்" என்றார். இந்தத் தீவில் எல்லோருக்கும் கலங்கியிருப்பது வயிறுதான், புத்தி அல்ல என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். மருந்துப் பட்டியல் எழுதக் கொடுத்த நோட்டில் பின்பக்கம் முழுக்கக் காலி. அதில் ஆரம்பிக்கிறேன். துரைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் அவரைப் பற்றியும் தைரியமாக எழுதலாம்.

நான் பரங்கிமலை பீரங்கிப் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். புண் கழுவிக் கட்டுவது, மருந்து கலக்குவது, நாடி பார்ப்பது, சிப்பாய் தமிழில் அழுவதை துரைக்கு இங்கிலீஷில் சொல்வது, எல்லாம் நான்தான். பதினோரு வருஷ சர்வீஸ். சீன ராஜா தன் ஊருக்குள் அபினி வரக்கூடாது என்று பெட்டி பெட்டியாக அழித்துவிட்டானாம். அதற்காக அவனை உதைக்க வேண்டும் என்று இங்கிலீஷ்காரன் கப்பல் கப்பலாகக் கிளம்பினான். போகிற போக்கில் எங்களையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். நான் அபினி தின்றதும் இல்லை, விற்றதும் இல்லை. யார் வீட்டு எழவுக்கோ நான் வந்து மாரடிக்கிறேன்.

ஆனி மாசத்தில் இந்தத் தீவைப் பிடித்தார்கள். பத்து நிமிஷம் பீரங்கி சுட்டதோடு சரி. அதற்குப் பிறகு எங்களைக் கொல்வது காய்ச்சலும் சீதபேதியும்தான்.

என் மச்சான் ராயப்பனும் இங்கேதான் இருக்கிறான். என் பெண்டாட்டி அருளாயியின் தம்பி. வயது இருபத்திரண்டு. பீரங்கியைக் கயிறு கட்டி இழுக்கும் லஸ்கர் வேலை. தாயில்லாத பிள்ளை, அருளாயிதான் வளர்த்தாள். சென்னைப் பட்டணத்துக் கடற்கரையில் படகு ஏறும்போது அவள் என்னைப் பார்த்து அழவில்லை, அவனைப் பார்த்துத்தான் அழுதாள். "அவனை உங்க கையில குடுக்கறேன். திருப்பிக் கொண்டாந்து குடுங்க" என்றாள். ஏதோ இரவல் பாத்திரம் கொடுக்கிற மாதிரி. எனக்குச் சுருக்கென்றது. சரி என்றேன்.

அக்டோபர் 24

ராயப்பனுக்குக் காய்ச்சல். வரும், பின்னே வராதா? நேற்று கொட்டுகிற மழையில் பக்கத்துக் கிராமத்துக்கு முட்டை வாங்கப் போயிருக்கிறான். சீன பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது.

"எப்படிடா கேட்டே?"

"வாத்து மாதிரி நடந்து காட்டினேன் மாமா. அப்பால குந்திக்கினு முக்கிக் காட்டினேன். அந்த ஆயா சிரிச்சிச் சிரிச்சி ஆறு முட்டை குடுத்திச்சி."

நடந்தும் காட்டினான். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சாயங்காலம் அவனே நடுங்கிக்கொண்டு வந்து ஒரு பாயில் விழுந்தான். ஆறு முட்டையையும் எனக்காக வாங்கினானாம், மடையன்.

அக்டோபர் 29

காய்ச்சல் இறங்கவில்லை. காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்தேன், வாந்தி எடுத்தான். பக்கத்துப் பாயில் இன்னாசி கிடக்கிறான், அதே பட்டாளம். அவனுக்கு ரத்தபேதி. எலும்பின்மேல் தோலைப் போர்த்திய மாதிரி இருக்கிறான். மூன்று நாள் தாங்க மாட்டான். இந்த விஷயத்தில் என் கணக்கு தப்பியதே இல்லை.

அக்டோபர் 31

நோயாளிகள் நாற்பது பேரைச் சென்னைப் பட்டணத்துக்குத் திருப்பி அனுப்ப ஒரு கப்பல் போகிறது. டாக்டர் துரை ஒவ்வொரு பாயாக நின்று பெயர் சொல்ல, நான் பட்டியல் எழுதினேன். இன்னாசி பெயரும் எழுதச் சொன்னார். செத்தவனை எதற்குக் கப்பலேற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். பதினேழாவதாக ராயப்பன் பெயரைச் சொன்னார். அதையும் எழுதினேன்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்

பரங்கிமலையில் இன்று கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி எரியும். அருளாயி தன் தாய் கல்லறையைச் சாணம் போட்டு மெழுகி, சாமந்திப் பூ வைத்திருப்பாள். இங்கே சாமியாரும் இல்லை, பூசையும் இல்லை. நான் ஒரு மெழுகுவர்த்தித் துண்டைக் கொளுத்திச் செபமாலை சொன்னேன்.

சொல்லும்போதே கடல் நினைவுக்கு வந்தது. வரும்போது எங்கள் கப்பலில் செத்தவர்களைச் சாக்கில் வைத்துத் தைத்து, காலில் குண்டு கட்டி, பலகையைச் சாய்த்து விட்டார்கள். தொப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மந்திரித்த மண் கிடையாது, சிலுவை கிடையாது. கடலில் போட்டவனுக்கு வருஷத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற எங்கே போவது? ராயப்பனை அப்படிப் போட்டுவிட்டால் அருளாயி எந்த இடத்தில் போய் மண்டியிடுவாள்? திரும்பிப் போகிற கப்பலில் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? வாந்தியைத் துடைக்கத்தான் யார் இருக்கிறார்கள்?

டாக்டர் துரை வந்தபோது, "பதினேழாம் நம்பர் ராயப்பன் தேறிவிட்டான், ஐயா. காய்ச்சல் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் எனக்கு ஒத்தாசைக்கு வைத்துக்கொள்கிறேன்" என்றேன்.

"நிச்சயமாகவா?"

"நிச்சயம், ஐயா."

துரை என் பேச்சை நம்புகிறவர். அவன் பாய்க்குக்கூடப் போகவில்லை. ராயப்பன் பெயரை ஒரே கோட்டில் அடித்தேன். துரை வேறு ஒருவன் பெயரைச் சொன்னார், எழுதினேன்.

ராயப்பனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. காய்ச்சல் அசதி, கண்ணை மூடிக்கொண்டான்.

நவம்பர் 4

கப்பல் போய்விட்டது. இன்னாசியை நாலு பேர் போர்வையோடு தூக்கிப் போனார்கள். அருளாயிக்குக் கடிதம் எழுதியிருந்தேன். இன்னாசியிடம் கொடுத்தால் கடிதமும் அவனோடு கடலுக்குள் போகும் என்று கப்பலில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் கொடுத்தேன். தம்பிக்குக் காய்ச்சல் வந்தது, இப்போது சௌக்கியம், என்னோடுதான் இருக்கிறான் என்று எழுதினேன். இன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் இருக்கிறது. நாளைக்கு நின்றுவிடும்.

நவம்பர் 9

நிற்கவில்லை.

நவம்பர் 13

இரண்டு நாளாக நான் தூங்கவில்லை. தேவமாதாவே, இவனை எனக்குக் கொடுத்துவிடு. வேறு எதையும் கேட்க மாட்டேன்.

நவம்பர் 21

சோறு கேட்டான்! "மாமா, இன்னிக்கி கஞ்சிய மூஞ்சில ஊத்திடுவேன். சோறு போடுங்க" என்றான். ஓடிப் போய்ச் சமையல்காரனோடு சண்டை போட்டு ஒரு கிண்ணம் வாங்கி வந்தேன். பாதி தின்றுவிட்டு மீதியை என் வாயில் ஊட்டினான். அழுதுவிட்டேன். "இன்னா மாமா, சோறு அவ்ளோ கேவலமாவா கீது?" என்று சிரிக்கிறான்.

யார் என்ன சொன்னாலும் சரி. என் கைமருந்துக்கும் என் கண்காணிப்புக்கும் ஈடு கிடையாது. கப்பலில் போனவர்கள் பாதிப் பேர் இந்நேரம் மீனுக்குப் போயிருப்பார்கள்.

டிசம்பர் 18. காண்டன் ஆற்று முகத்துவாரம்

எங்களைத் தெற்கே கொண்டுவந்து ஆற்று வாயில் நிறுத்தியிருக்கிறார்கள். இருபுறமும் குன்றுகளின்மேல் சீனாக்காரன் கோட்டைகள். பேச்சுவார்த்தை நடக்கிறதாம்.

இன்று மலைமாதா திருநாள். பரங்கிமலையில் தேர் சுற்றும். இங்கே கப்பல் தட்டில் நம்மவர் ஒன்பது பேர் கூடினோம். ராயப்பன் மாதா பாட்டை எடுத்துக் கொடுக்க நாங்கள் பின்பாட்டுப் பாடினோம். குரல் பழையபடி கணீரென்று வந்துவிட்டது. உடம்பும் கொஞ்சம் பிடித்திருக்கிறது. ஆஸ்பத்திரி வேலையில் அவன் கைக்குக் கை உதவி. ராத்திரி படுக்கும்போது ஊர்க்கதை, அக்கா கதை, அக்கா வைக்கும் கருவாட்டுக் குழம்புக் கதை. அவன் இல்லாவிட்டால் இந்தச் சனியன் பிடித்த கப்பலில் எனக்குப் பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள்?

பீரங்கி இழுக்க ஆள் போதவில்லை என்று அவனைப் பட்டாளத்தில் திரும்பக் கேட்கிறார்கள். நாலு நாள் கயிறு இழுத்தால் உடம்பு இறுகும் என்று நானும் சரி சொன்னேன்.

1841 ஜனவரி 6

பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. நாளைக்குக் கோட்டையைப் பிடிக்கப் போகிறார்கள். ராயப்பனுக்குத் தண்ணீரைக் காய்ச்சி என் தகரக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தேன். "இதைத் தவிர வேற தண்ணி வாயில வச்சே, தோலை உரிச்சிடுவேன். இதுல ஒரு வாய் எவனுக்கும் குடுக்காதே" என்றேன்.

"அக்காகிட்ட இருந்து தப்பிச்சி உங்ககிட்ட மாட்டிக்கினேன்" என்றான்.

ஜனவரி 7

கோட்டை பிடிபட்டது. ராயப்பனுக்கு நெருப்புக் காயம். அப்புறம் எழுதுகிறேன்.

ஜனவரி 9

இப்போது தூங்குகிறான், அபினி மருந்து கொடுத்ததால். இந்தச் சண்டையே அந்தச் சனியனுக்காகத்தானே. அதுதான் இன்று என் பிள்ளைக்கு வலி தெரியாமல் வைத்திருக்கிறது.

வியாழக்கிழமை காலையில் கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி இறக்கினார்கள். நம் ஆட்கள் பீரங்கிகளைக் குன்றின்மேல் இழுத்துக்கொண்டு போனார்கள். முன்னால் கயிற்றில் ராயப்பன். அவன் குரல் கொடுக்க மற்றவர்கள் ஐலசா போட்டார்கள். நான் காயம்பட்டவர்களைத் தூக்கும் டோலிக்காரர்களோடு பின்னால் போனேன். கடல் பக்கத்திலிருந்து கப்பல்கள் சுட்டன, முதுகுப் பக்கத்திலிருந்து நாங்கள். சீனாக்காரன் தன் பீரங்கிகளை எல்லாம் கடலைப் பார்த்தே பதித்து வைத்திருந்தான். அவற்றைத் திருப்பக்கூட முடியவில்லை. சண்டை என்று சொல்ல நாக்கூசுகிறது. சரணடைந்தாலும் கொன்றுவிடுவார்கள் என்று நினைத்து அவர்கள் கடைசிவரை நின்றார்கள். அவர்கள் நினைத்ததும் தப்பில்லை. கையை உயர்த்தியவனையும் சுட்டதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

அவர்கள் போட்டிருப்பது பஞ்சு திணித்த உடுப்பு. வெடிமருந்தை இடுப்பில் கட்டியிருப்பார்கள். துப்பாக்கியைக் கொளுத்த, கனலுகிற திரி ஒன்று கையில் இருக்கும். குண்டு பட்டு விழுந்தால் திரி அவன்மேலேயே விழும். பஞ்சு பற்றும், பிறகு இடுப்பு மருந்து வெடிக்கும். நாங்கள் சுவரைத் தாண்டி உள்ளே போனபோது முற்றம் முழுக்க மனிதர்கள் எரிந்துகொண்டு கிடந்தார்கள். உயிரோடு இருந்தவர்களும் எரிந்தார்கள். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. பதினோரு வருஷமாகப் புண் பார்த்தவன், ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

அப்போதுதான் இன்னொரு லஸ்கர் மிக்கேல் ஓடி வந்தான். "அண்ணே, ராயப்பன்... சீக்கிரம் வாங்கண்ணே."

மிக்கேல் சொன்னது இது. சுவர் ஓரத்தில் ஒரு சீனாக்காரன் கிடந்திருக்கிறான், நாற்பது வயது இருக்கும். வயிற்றில் குண்டு. வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கிறான். ராயப்பன் கயிற்றைப் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். "போவாதடா, எதிரிடா" என்று தான் கத்தியதாகச் சொன்னான் மிக்கேல். "உசிரு போறவன் வாயில தண்ணி ஊத்தாம எப்படிடா தாண்டிப் போறது" என்று சொல்லிவிட்டு, அவன் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டானாம். என் குப்பியைத் திறந்து ஒரு வாய் ஊற்றியிருக்கிறான். இரண்டாவது வாய் ஊற்றும்போது அந்த ஆளின் முதுகுக்கு அடியில் புகைந்துகொண்டிருந்த திரி இடுப்பு மருந்தைத் தொட்டுவிட்டது.

சாகிறவன் வாயில் தண்ணீர் விடுவதை நம் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. தானாக வரும். வெள்ளைக்கார சிப்பாய் ஒருவன்கூட அந்த முற்றத்தில் எவன் பக்கத்திலும் உட்காரவில்லை.

மார்பு, கழுத்து, இரண்டு கை. முகத்தில் இடது பக்கம். சுண்ணாம்புத் தண்ணீரும் ஆளிவிதை எண்ணெயும் கலந்து துணி நனைத்துப் போடுகிறேன். டாக்டர் துரை வந்து பார்த்தார். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். பதினோரு வருஷத்தில் அவர் என்னைத் தொட்டதில்லை.

ஜனவரி 10

இன்று பேசினான்.

"மாமா, அந்த ஆளு குடிச்சாரா?"

"குடிச்சான்டா. ஒரு வாய் குடிச்சான்."

"அது போதும்." கண்ணை என் பக்கம் திருப்பி, "உங்க தண்ணிய குடுத்துட்டேன். திட்டாதீங்க" என்றான்.

திட்டவில்லை என்று சொன்னேன். திட்டினேன், மனசுக்குள். உன் தாட்சண்யத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போடடா என்று திட்டினேன். ஆண்டவரையும் சேர்த்துத் திட்டினேன்.

பிறகு அவன் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். "நல்லவேளை மாமா, என்னிய கப்பல்ல ஏத்தாம வுட்டீங்க. நடுக்கடல்ல ஒண்டியா செத்திருப்பேன். இப்ப நீங்க கீறீங்க." நான் தலையை ஆட்டினேன்.

ஜனவரி 11

விடியும்போது போய்விட்டான். வாயில் தண்ணீர் விட்டேன். பாதி வெளியே வழிந்துவிட்டது. சேசு மரி சூசை என்று காதில் மூன்று தரம் சொன்னேன். முதல் தரம் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 12

கரையில் புதைக்க அனுமதி கேட்டேன். கோட்டையைத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது, யாரும் கரையில் இறங்கக் கூடாது என்று கேப்டன் சொல்லிவிட்டார். காலில் விழுந்தேன். டாக்டர் துரையும் சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை.

சாக்கை நானே தைத்தேன், வேறு யாரும் தொட விடவில்லை. பலகையைச் சாய்த்தார்கள்.

ஜனவரி 30. ஹாங்காங் தீவு

தபால் கப்பல் போயிற்று. வயிற்று உபாதையால் அருளாயிக்குக் கடிதம் எழுத முடியவில்லை.

பிப்ரவரி 15

இன்னொரு கப்பல் போயிற்று. மை உறைந்துவிட்டது.

பிப்ரவரி 27

நேற்று மறுபடியும் கோட்டைகள். ஆற்றுக்குள்ளே இருக்கும் பெரிய கோட்டைகளையும் பிடித்துவிட்டார்கள். வேலை அதிகம் இல்லை. நம் பக்கம் காயம்பட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பக்கத்தை யார் எண்ணுகிறார்கள்?

மிக்கேல் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, அண்ணிக்கு எழுதிட்டீங்களா?" என்றான். எழுதிவிட்டேன் என்றேன். அவன் போனபிறகு இந்த நோட்டைத் திருப்பி நவம்பர் இரண்டாம் தேதியைப் படித்தேன்.

அதில் ஒரு பொய் இருக்கிறது. ராயப்பன் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறேன். சொன்னான். பெயரை அடித்துவிட்டேன் என்றதும் காய்ச்சல் கண்ணைத் திறந்து, "மாமா, நான் ஊருக்குப் போறனே. எனக்கு அக்காவ பாக்கணும் போல கீது" என்றான். அழுதான். சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். நான் அவன்மேல் எரிந்து விழுந்தேன். "கடல்ல மீனுக்குப் போகணுமா? நான் உனக்கு நல்லது செய்யறேன், வாயை மூடு" என்றேன். அப்போதுதான் கண்ணை மூடிக்கொண்டான்.

மெழுகுவர்த்தி, மந்திரித்த மண், கஞ்சி, எல்லாம் நிஜம்தான். அந்தப் பயம் எனக்கு இருந்தது. ஆனால் பட்டியலில் நாற்பது பேர் இருந்தார்கள். மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் அதே கடல்தானே? அவர்களுக்காக நான் ஒரு வார்த்தை பேசினேனா? டாக்டர் துரை பார்த்துத்தான் பெயர் சொன்னார். அவன் போகத்தக்கவன் என்று எனக்கும் தெரியும். அவன் போய்விட்டால் இந்தத் தீவில் நான் தனியாகச் செத்துப்போவேன் என்று பயந்தேன். ராத்திரி பக்கத்தில் ஒருவன் ஊர்ப்பேச்சுப் பேச வேண்டும் எனக்கு. அதற்காகத்தான் அவனைப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

எழுதிவிட்டேன். எழுதினால் புத்தி தெளியும் என்று துரை சொன்னார். பாரம் குறையவில்லை.

மார்ச் 19

கப்பல் போயிற்று. எழுதவில்லை. இம்முறை சாக்குப்போக்கும் இல்லை.

ஏப்ரல் 11, பாஸ்கு ஞாயிறு

அருளாயியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஜனவரி இருபத்தைந்தில் எழுதியது. அவளுக்குப் படிக்க எழுதத் தெரியாது. கோவில் உபதேசியார் எழுதியிருக்கிறார். சேசு மரி சூசை துணை என்று போட்டு, "மகா ராஜ ராஜ ஸ்ரீ சந்தியாகு அவர்களுக்கு" என்று தன் நடையில் ஆரம்பித்து, மூன்றாம் வரியிலேயே அவளிடம் தோற்றுப்போயிருக்கிறார். அப்புறம் எல்லாம் அருளாயியின் வாய்தான். அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"உங்களுக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கு. மலைமாதா திருநாளுக்கு மூணாம் நாள். மூக்கு உங்களுது, வாய் மட்டும் எங்க ராயப்பனுது, சதா திறந்தேதான் இருக்கு. நோயாளிங்க கப்பல் வந்திச்சின்னு பட்டாளத்துல சொன்னாங்க. பச்சை உடம்புக்காரி போவாதேன்னு எல்லாரும் தடுத்தாங்க. எனக்கு மனசு கேக்கலை. மாட்டு வண்டி ஏறிக் கடற்கரைக்கே போயிட்டேன். நாப்பது பேருல மூணு பேர்தான் தவறிட்டாங்களாம். மத்தவங்க எல்லாரும் இறங்கினாங்க. இன்னாசி அண்ணனும் தானே நடந்து இறங்கினாரு. கப்பல்ல ரெண்டு வேளை கஞ்சி குடுத்தாங்களாம், காத்து பட்டதும் பேதி நின்னு போச்சாம். கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்காரு. அவர்தான் சொன்னாரு, ராயப்பன் பேரும் பட்டியல்ல இருந்திச்சி, உன் வீட்டுக்காரர் தேறிட்டான்னு சொல்லி நிறுத்திக்கினாருன்னு. எனக்கு ரெண்டு நாள் உங்க மேல கோபம். தம்பி வருவான்னு கருவாட்டுக் குழம்பு வச்சி எடுத்துக்கினு போயிருந்தேன். அதை இன்னாசி அண்ணன்தான் சாப்பிட்டாரு. அப்புறம் உங்க கடுதாசியும் வந்திச்சி. யோசிச்சிப் பாத்தேன். தேறாமலா நீங்க நிறுத்துவீங்க? உங்களுக்கு மிஞ்சின வைத்தியன் யாரு? அவனும் உங்களுக்குத் துணையா இருக்கட்டும். ஒண்டியா இருந்தா நீங்க சோறு தின்ன மாட்டீங்க.

பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் குடுக்கலை. ராயப்பன்தான் ஞானத் தகப்பனா நின்னு தூக்கணும். எங்கம்மா இல்லாத குறைக்கு எனக்குப் பிறந்த வீடுன்னா அவன் ஒருத்தன்தானே. எத்தனை மாசம் ஆனாலும் அவன் வந்தப்புறம்தான். சாமியார் திட்டறாரு, திட்டட்டும். அவன்கிட்ட சொல்லுங்க, அவனுக்காகப் பிள்ளை பேரில்லாம காத்திருக்குதுன்னு. சீக்கிரம் ரெண்டு பேரும் வாங்க."

இதற்குக் கீழே, பொடி எழுத்தில், உபதேசியார் தானாக எழுதியது: "பிள்ளை மெலிவாக இருக்கிறது. அடிக்கடி மாந்தம் காண்கிறது. ஞானஸ்நானம் இல்லாமல் தாமதிப்பது ஆபத்து. அருளாயி யார் சொல்லையும் கேட்பதில்லை. தாங்கள் எழுதினால் கேட்பாள். தயவுசெய்து உடனே எழுதவும். இந்த வரிகளை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை."

மூன்று கப்பல்கள் போயிருக்கின்றன. ஜனவரியில் எழுதியிருந்தால் இந்நேரம் பிள்ளைக்குப் பெயர் இருந்திருக்கும்.

ஏப்ரல் 12

தபால் கப்பல் இன்று மத்தியானம் கிளம்புகிறது. காலையிலிருந்து எழுதுகிறேன்.

முதல் கடிதத்தில், கோட்டைச் சுவரில் முதலாவதாக ஏறிக் குண்டு பட்டு இறந்தான் என்று எழுதினேன். கிழித்தேன். இரண்டாவதில், டாக்டர் துரைதான் அவனை நிறுத்திக்கொண்டார் என்று எழுதினேன். கை நன்றாக ஓடியது, எழுத்து முத்து முத்தாக வந்தது. அதைக் கிழிக்கத்தான் நேரம் பிடித்தது.

மூன்றாவதை மடித்துவிட்டேன். அதில் இருப்பது இவ்வளவுதான்.

"அருளாயி, இந்தக் கடிதம் கண்டதும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடு. ராயப்பனுக்காகக் காத்திருக்க வேண்டாம். சாகக் கிடந்த ஒருவனுக்குத் தண்ணீர் கொடுக்கப் போய் நெருப்புப் பட்டு, ஜனவரி பதினோராம் தேதி விடியற்காலையில் இறந்துபோனான். கடலில்தான் இறக்கினார்கள். இன்னாசி சொன்னது நிஜம். அவன் பெயர் பட்டியலில் இருந்தது. உன்னைப் பார்க்க வேண்டும் என்று அழுதான். அப்போது அவன் தேறவில்லை, காய்ச்சலோடுதான் இருந்தான். எனக்குத் துணை வேண்டும் என்று நான்தான் அவனை வைத்துக்கொண்டேன். நீ கையில் கொடுத்தாய், நான் தொலைத்துவிட்டேன்."

பிள்ளைக்கு ராயப்பன் என்றே பெயர் வை என்று ஒரு வரி சேர்க்க நினைத்தேன். அதைக் கேட்க நான் யார்? அவள் இஷ்டம்போல் வைக்கட்டும்.

உபதேசியாருக்குத் தனியாக ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்து ஒட்டினேன். முதல் இரண்டு வரிகளை மட்டும் இப்போது படியுங்கள், ஞானஸ்நானம் முடிந்து ஒரு நாள் போனபிறகு மற்றதைப் படித்துக் காட்டுங்கள், அந்த ஒரு நாளாவது அவள் பிள்ளையின் தாயாக மட்டும் இருக்கட்டும் என்று எழுதினேன். படகுக்காரன் கடிதத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கரையைவிட்டுப் போனபிறகுதான் என் மடத்தனம் உறைத்தது. ராயப்பனுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று நான் எழுதினால், ஏன் என்று அருளாயி கேட்கவே மாட்டாள். உபதேசியார் அடுத்த வரிக்குப் போவதற்குள் பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொள்வாள்.